கோரைக்குத்தகையில் எதுவும் கெட்டுப்போகவில்லை

கோரைக்குத்தகையில் பால் உறையாமல் போனது ஒரு புதன்கிழமை. அந்தப் புதன்கிழமைக்கு எந்த விசேஷமும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் தனபாக்கியம் எப்போதும்போலப் பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, ஒரு கரண்டி மோர் ஊற்றித் தட்டால் மூடிவைத்திருந்தாள். காலையில் திறந்தால் பால் பாலாகவே கிடந்தது. அடுத்த வீட்டில் இட்லி மாவு இம்மியும் பொங்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் தண்ணீர் ஊற்றிவைத்த சோறு புளிக்காமல், இப்போதுதான் வடித்ததுபோல விறைத்துக்கொண்டு கிடந்தது. ஊரின் நூற்றுச்சொச்சம் வீடுகளிலும் அன்று காலை பெண்கள் அடுப்படியில் நின்று பாத்திரத்தை மோந்து பார்த்து, எந்த வாசமும் வராமல், மாமியாரையோ நாத்தனாரையோ சந்தேகப்பட்டார்கள்.

தனபாக்கியத்தின் புருஷன் வைரக்கண்ணு அந்த நேரம் இறால் குட்டைக் கொட்டகையில் இருந்தான். வயது ஐம்பத்தெட்டு, குட்டை இரண்டு, பேச்சு குறைவு. தவிடும் வெல்லமும் ஈஸ்ட்டும் போட்டு, அதில் கடையில் வாங்கிய நல்ல கிருமிப் பொடியைக் கரைத்து ஊறவைத்த நீல டிரம்மின் மூடியைத் திறந்தான். நுரை பொங்கி வழிந்திருக்க வேண்டும். வெல்லத் தண்ணீர் வெல்லத் தண்ணீராகவே இருந்தது. குச்சியால் கலக்கிப் பார்த்தான். குச்சியை எறிந்தான்.

காரணம் என்னவென்று அவனுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். ஆனால் மற்றவனுக்குத் தெரியாது என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் அவன் குட்டைத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நூல் மிதந்தது. இறாலுக்குக் கழிச்சல். தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்தால் போட்ட தீவனம் போட்டபடி. மருந்து விற்கிற கோபிநாத் பைக்கில் வந்து, பெட்டியைத் திறந்து, பேர் எழுதாத ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

"அண்ணே, இதை முட்டை வெள்ளைக்கருவுல குழைச்சுத் தீவனத்துல பிசறிப் போடுங்க. அப்பதான் தண்ணியில கரையாம ஒட்டும். தடை பண்ணுன சரக்கு, வெளிய பேசாதீங்க."

"இது நல்ல கிருமியைக் கொல்லாதா?"

"கொல்லும். அதனால காலையில நல்ல கிருமி ஊத்துங்க, சாயங்காலம் இதைப் போடுங்க. ரெண்டும் நம்மகிட்டயே இருக்கு."

நாலே நாளில் வெள்ளை நின்றது. ஊரில் நாற்பத்திரண்டு குட்டை, ஒரே வாய்க்கால். ஒருவன் வெளியேற்றிய தண்ணீரைத்தான் அடுத்தவன் உள்ளே ஏற்றுவான். ஒருவன் குட்டையில் கழிச்சல் என்றால் பத்து நாளில் எல்லோர் குட்டையிலும் கழிச்சல், ஒருவனிடம் பொட்டலம் என்றால் பத்து நாளில் எல்லோரிடமும் பொட்டலம். நோய் என்று வெளியே தெரிந்தால் வியாபாரி வரமாட்டான் என்று ஒவ்வொருவனும் பொட்டலத்தைக் கட்டிலுக்கு அடியிலோ அரிசிக் குதிருக்குப் பின்னாலோ ஒளித்துவைத்துக்கொண்டு, "நம்ம குட்டையில ஒண்ணும் இல்லப்பா, சுத்தம்" என்று டீக்கடையில் சொன்னான். முட்டை மட்டும் தட்டுத் தட்டாக ஊருக்குள் வந்தது. வெள்ளைக்கரு குட்டைக்குப் போனது, மஞ்சள்கரு வீட்டுக்குப் போனது. அந்தப் பருவம் முழுக்கக் கோரைக்குத்தகையில் சாப்பிட்ட ஆம்லெட் எல்லாம் பூவரசம்பூ நிறத்தில் இருந்தது. அதையும் யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ஊரில் எதுவும் கெட்டுப்போகவில்லை.

முதல் வாரம் பயந்தார்கள். மாரியம்மனுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டாவது வாரம் பழகிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம், இதில் என்ன நஷ்டம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை பிடித்த மீனை வெள்ளிக்கிழமை விற்றார்கள், கண் மங்காமல் செவுள் சிவப்பாக இருந்தது. ஐஸ் வண்டி வருவது நின்றுபோனது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பாரை மறுவீட்டு அழைப்புக்கும் அதற்கடுத்த சீமந்தத்துக்கும் ஊற்றினார்கள். தலையில் வைத்த கனகாம்பரம் ஒரு மாதம் வாடாமல் இருந்ததில் பூக்காரி மட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டாள். குப்பைமேட்டில் போட்ட எச்சில் இலை போட்ட பச்சையில் அடுக்கி வைத்ததுபோல் கிடந்தது. குடல் கழுவிக் கொட்டிய இடத்தில் நாற்றம் என்பதே இல்லை. கொசு மருந்து அடிக்க வந்த சுகாதாரத்துறை ஆள், இவ்வளவு சுத்தமான ஊரைப் பார்த்ததில்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

குட்டைக்காரர் சங்கத் தலைவர் கலியபெருமாளின் அம்மா நாகரத்தினம் அந்த மாதம்தான் செத்துப்போனாள். தம்பி சேகர் கத்தாரில் இருந்தான். கிழவியைக் கூடத்தில் பெஞ்சில் கிடத்தி, மாலை போட்டு, போன் செய்தார்கள். இந்த வாரம் லீவு இல்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்றான் சேகர். அடுத்த வாரமும் அதையே சொன்னான். கிழவி தூங்குகிறவள்போலக் கிடந்தாள். மாலையும் அப்படியே. போகப் போக அழ வந்தவர்கள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டுப் போனார்கள். இது கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், மகள் மலேசியாவிலிருந்து வருகிறவரை தன் அப்பாவை இங்கே கொண்டுவந்து வைக்கலாமா என்று கேட்டு வந்தான். பஞ்சாயத்து கூடி, வெளியூர்ப் பிணத்துக்கு இடமில்லை என்று தீர்மானம் போட்டது.

தனபாக்கியம் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் மேலக்காட்டில் அவள் அண்ணன் வீடு. அங்கே போய்க் கெட்டித் தயிர் ஒரு தூக்கு வாங்கிவந்தாள். பாலத்தின் மூன்றாவது தூணைத் தாண்டும்போது தூக்கு கையில் தளும்பியது. திறந்து பார்த்தாள். பால். திரும்ப நடந்தாள்; பால் தயிராகவில்லை. அடுத்த நாளும் அதே தூண். வீட்டில் கட்டியிருந்த பசு தின்ற வைக்கோல், பின்பக்கம் வைக்கோலாகவே வந்து விழுந்தது. மாடு நாளுக்கு நாள் எலும்பாகிக்கொண்டிருந்தது. கையில் அந்த வைக்கோலோடு வந்து வைரக்கண்ணு முன்னால் நின்றாள்.

"ஏங்க, நீங்க போட்டீங்களா?"

"ஊரே போட்டுச்சு."

"மொதல்ல யாரு?"

வைரக்கண்ணு அவள் கையிலிருந்த வைக்கோலைப் பார்த்தான்.

"காலையில ஆளை வேலைக்கு வச்சு, சாயங்காலம் அவனை வெட்டிப் போட்டிருக்கீங்க. நாப்பது நாளு. ஒருநாளாவது உறைக்கல?" வைக்கோலைக் கீழே போட்டாள். "மாடு சாவுறதைப் பாத்துக்கிட்டு இங்க உக்கார எனக்கு முடியாது. இந்த வீட்ல பாலு என்னைக்கு ஒறையுதோ, அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க. வர்றேன்."

மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய்விட்டாள். முப்பத்திமூன்று வருஷத்தில் அவள் கோபித்துக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்க்கவில்லை.

வைரக்கண்ணு அன்றைக்கே மிச்சப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போய்க் கோபிநாத்தின் பெட்டியில் திணித்துவிட்டு வந்தான். இரண்டு குட்டையையும் பாதி வளர்ந்த இறாலோடு வடித்தான். தரை காய்ந்தது, வெடித்தது. ஏர் ஓட்டினான், சுண்ணாம்பு போட்டான். பிறகு ஒரு பாக்கெட் பால் வாங்கிக் காய்ச்சி மோர் விட்டு வைத்தான். காலையில் பால். மறுநாளும் பால். அவன் மதகு இடுக்கில் கசிவது ஊர்த் தண்ணீர், அவன் மூச்சு விடுவது ஊர்க் காற்று. அவன் ஒருவன் நிறுத்தி எதுவும் ஆகப்போவதில்லை என்பது பத்தாவது நாள் புரிந்தது. சரி, மற்ற நாற்பது குட்டையும் நிறுத்த வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"மாமாவைப் பாருடா, அத்தை போனதுலேர்ந்து வீடு வீடாச் சுத்துறாரு. சோத்துக்கா மாமா?" என்று சிரித்தான் முதல் வீட்டுத் திண்ணையில் இருந்தவன்.

"ஒரு பருவம் குட்டையைக் காயப்போடு."

"எங்க குட்டையில மருந்தே போடலியே மாமா. நாங்க எதுக்குக் காயப்போடணும்?"

எல்லா வீட்டிலும் இதே பதில். சங்கக் கூட்டத்திலும் இதே பதில். வைரக்கண்ணு ஒரு உரச்சாக்கைத் தூக்கிவந்து கூட்டத்தின் நடுவில் கவிழ்த்தான். முட்டை ஓடு. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் பொறுக்கியது. உடைத்த நாளின் ஈரம்கூடக் காயாமல் பளபளவென்று கிடந்தது.

"புள்ளைங்களுக்குச் சத்துக்காக வாங்கினது," என்றான் ஒருவன்.

"மொத்தப் புள்ளைங்களும் மஞ்சளை மட்டும் தின்னுச்சா?" என்றான் வைரக்கண்ணு. "மொதல்ல போட்டவன் நான். என் பொஞ்சாதிகிட்டகூட வாயைத் திறக்கல. இப்ப உங்ககிட்ட சொல்றேன். அடுத்து யாரு?"

ஒருவன் செருமினான். கலியபெருமாள் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னான்: "போட்டோம்னே வச்சுக்குவோம் மாமா. ஊர்ல ஒண்ணும் கெட்டுப்போகல. அதுல என்ன நஷ்டம்? அதைச் சொல்லுங்க."

கூட்டம் கலைந்தது. முட்டை ஓட்டைக் கூட்டி அள்ளக்கூட ஆள் இல்லை.

பங்குனியில் கண்டெய்னர் திரும்பி வந்தது. கம்பெனிக்காரன் வாங்கிக் கப்பலேற்றிய கோரைக்குத்தகை இறால் ஏதோ ஒரு தேசத்துத் துறைமுகத்தில் இறங்கி, அங்கே பரிசோதனைக்காக நாலு இறாலை எடுத்துப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த ஊர் ரொட்டிக்கடைகளில் மாவு எழும்பவில்லையாம், ஒயின் பீப்பாய் எல்லாம் திராட்சைச் சாறாகிவிட்டதாம், மேயர் நேரில் வந்து கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம். மூன்று மாதம் கடலில் கிடந்து, வழியில் குளிர் மிஷின் நின்றுபோய், வேதாரண்யம் ரோட்டில் ஆடி ஆடி வந்து சங்கக் கிடங்கில் இறங்கிய இறால், மீசை விறைப்பாக, கண் கறுப்பாக, பிடித்த அன்றைக்கு இருந்ததுபோலவே இருந்தது. இனி இந்த ஊர்ச் சரக்கு வேண்டாம் என்று கம்பெனி கடிதம் போட்டது.

"வேற கம்பெனி பாப்போம்," என்றார்கள். "நம்ம சரக்குதான் கெடாதே. பத்து வருஷம் கழிச்சுக்கூட விக்கலாம்." கிடங்கைப் பூட்டினார்கள்.

அன்று மத்தியானம் வைரக்கண்ணு கலியபெருமாள் வீட்டுக்குப் போனான். கூடத்தில் நாகரத்தினம் கிடந்தாள். தொண்ணூற்றாறாவது நாள். யாரோ அவள் காலடியில் துவைத்த துணியை மடித்து அடுக்கியிருந்தார்கள். வைரக்கண்ணு அந்தத் துணியை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"சேகர் எப்ப வர்றான் மாப்ள?"

"அடுத்த வாரம்னு சொல்லியிருக்கான் மாமா."

"பதிமூணு வாரமா அடுத்த வாரம். அவன் வரமாட்டான்."

"என்ன மாமா இப்படிச் சொல்றீங்க. பெத்த அம்மா."

"கெட்டுப்போகாத அம்மாவுக்கு எவன்யா லீவு கேப்பான்? கேட்டாலும் எவன் குடுப்பான்? ரெண்டு நாள்ல எடுத்துருவாங்கன்னு தெரிஞ்சா, கால்ல விழுந்தாவது ஓடியாருவான்." கிழவியின் முகத்தைப் பார்த்தான். "நீ அழுதியா?"

கலியபெருமாள் அம்மாவின் கால் கட்டைவிரலைப் பார்த்தான். "இல்ல மாமா," என்றான். "எடுக்கிற அன்னைக்கு அழுதுக்கலாம்னு இருந்துட்டேன்."

"கூட்டத்துல கேட்டியே, என்ன நஷ்டம்னு."

வைரக்கண்ணு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலை கலியபெருமாள் தலைமதகுக்குப் போய்ப் பலகையை இறக்கி, திருகாணியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டான். வாய்க்காலில் தண்ணீர் நின்றது. நாற்பத்திரண்டு குட்டையும் காய வேண்டும், காய்கிற வரை மதகு திறக்காது என்று ஆள் விட்டுச் சொன்னான். ஏசினார்கள். வழி மறித்தார்கள். இரண்டு பேர் சட்டையைப் பிடித்தார்கள். திருகாணி மடியிலேயே இருந்தது. பிறகு கத்தாருக்குப் போன் செய்தான்: "தம்பி, பத்து நாள்தான். அதுக்கு மேல அம்மாவை வச்சிருக்க முடியாது. கெட்டுப்போயிரும்." சேகர் எட்டாவது நாள் பெட்டியை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து அழுத சத்தம் டீக்கடைவரைக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். ஊரே பின்னால் போனது. அதற்கப்புறம் குட்டையைக் காயப்போட மாட்டேன் என்று யாரும் உரக்கச் சொல்லவில்லை.

கோபிநாத் பைக்கை நிறுத்தி வரப்பில் நின்றான். "அண்ணே, ரிசல்ட் நல்லா வந்துக்கிட்டிருக்கிற நேரத்துல இப்படிப் பண்றீங்களே."

"வந்துச்சு. போ," என்றான் வைரக்கண்ணு.

சித்திரை வெயில். நாற்பத்திரண்டு குட்டையின் தரையும் அப்பளம்போல வெடித்தது. ஏர் ஓட்டிப் புரட்டிப் போட்டார்கள், மறுபடி வெயில் தின்றது, மறுபடி புரட்டினார்கள். பொட்டலங்களை எங்கே எறிவதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆற்றில் எறிந்தால் மீனுக்கு, குப்பையில் எறிந்தால் மாட்டுக்கு. வைரக்கண்ணு வீடு வீடாக வாங்கிச் சிமெண்டுத் தொட்டியில் போட்டு, மேலே கலவை ஊற்றிப் பூசினான். அன்றைக்கு ஒருத்தனும் "எங்க வீட்ல இல்ல" என்று சொல்லவில்லை.

தினமும் காலையில் அவன் பாலம் தாண்டி மேலக்காட்டு டீக்கடைக்குப் போய், ஒரு தூக்கு புளித்த தயிர் வாங்கிக்கொண்டு திரும்ப நடப்பான். மச்சான் வீட்டுப் பக்கம் போகவில்லை. உறைந்தால்தானே சொல்லி அனுப்பச் சொன்னாள். மூன்றாவது தூணில் தயிர் பாலாகும். அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பான். பாலை வாய்க்கால் கரையில் கொட்டுவான். பன்னிரண்டாவது நாள் கோடு ஒரு முழம் தள்ளி விழுந்தது. பதினைந்தாவது நாள் இன்னொரு முழம். போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மாமா, இந்தக் கணக்குல தயிர் உங்க வீட்டுக்கு வந்து சேர ஆடி மாசம் ஆகும்."

"ஆவட்டும்."

"ஆட்டோ வச்சுக் கொண்டாரலாமே மாமா."

அவன் கோட்டை இழுத்து முடித்துவிட்டு நடந்தான். போகப் போகக் கோடு வேகம் பிடித்தது. நாலாவது தூண், ஐந்தாவது தூண். பாலம் முடிந்து மண்சாலை. மண்ணில் சுண்ணாம்பு நிற்காமல் குச்சி நட்டான். பால்பண்ணைக் கட்டடம், ரேஷன் கடை. குச்சி ரேஷன் கடையைத் தாண்டிய அன்று வானம் கறுத்தது. ஒரு கோடை மழை, ஒரு மணி நேரம்தான் பெய்தது. மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது.

பகல் பதினோரு மணிக்கு ஊர் நாறத் தொடங்கியது.

ஐந்து மாதமாக அழுகாமல் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் அழுகியது. குப்பைமேட்டு எச்சில் இலைகள், கொல்லையில் கொட்டிய மீன் குடல், கல்யாண வீட்டு அண்டாவில் மிஞ்சியிருந்த சாம்பார், அலமாரியில் மறந்த பழம், செத்த கோழி, செத்த எலி, முட்டை ஓட்டில் ஒட்டியிருந்த வெள்ளைக்கரு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சங்கக் கிடங்கில் பூட்டிவைத்த ஒரு கண்டெய்னர் இறால். கிடங்குக் கதவு உப்பி, பூட்டு தெறித்தது. கறுத்த தண்ணீர் படியிறங்கி ரோட்டுக்கு வந்தது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஆண்கள் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஆடு மாட்டை முன்னால் விரட்டிக்கொண்டு பாலத்தைப் பார்த்து ஓடினார்கள். ஓடிக்கொண்டே வைரக்கண்ணுவின் மூன்று தலைமுறையையும் திட்டினார்கள்.

அவன் ஓடவில்லை. தன் குட்டையின் நடுவில் நின்றான். காலடிச் சேறு கறுத்து, புளக் புளக்கென்று குமிழி விட்டது. குனிந்து ஒரு கை அள்ளி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தான். குமட்டியது. மறுபடி மோந்தான். வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்து, கிடங்குக்கு நேர் எதிரே இருந்த புறம்போக்கில் முதல் குழியை வெட்ட ஆரம்பித்தான்.

இடுப்பளவு ஆழம் போனபோது குழியில் நிழல் விழுந்தது. ஊரே வெளியே ஓடிய பாலத்தில் ஒருத்தி மட்டும் எதிர்த் திசையில் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். முந்தானையை மூக்கில் சுற்றியிருந்தாள். ஒரு கையில் மாட்டுக் கயிறு. மாடு தேறியிருந்தது.

"மேலக்காட்டுல ஒரு மனுசன் சோறு திங்க முடியல," என்றாள் தனபாக்கியம். "கண்றாவி. என்ன நாத்தம் இது!"

"நாறுதுல்ல?" என்றான் வைரக்கண்ணு.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சேறு, வாந்தி, நாலு நாள் தாடி. "பாலு ஒறைஞ்சுதா?"

"இன்னும் பாக்கல. சொல்லி அனுப்பறதுக்குள்ள நீ வந்துட்ட."

"இந்த நாத்தத்துக்குப் பாக்கவேற வேணுமாக்கும்." மாட்டை வேலிக்காலில் கட்டினாள். குழியைச் சுற்றி நடந்து பார்த்தாள். "இது பத்தாது. கிடங்கே ஒரு லாரி இருக்கும். இன்னும் மூணு வெட்டணும். சுண்ணாம்பு இருக்கா?"

"நாலு மூட்டை இருக்கு."

"நகருங்க."

மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழியில் இறங்கினாள். அவன் மேலே நின்று கூடையால் மண்ணை வாங்கிக் கொட்டினான். மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. முதல் குழி நிறைந்து, மேலே சுண்ணாம்பு விழுந்து, இரண்டாவது குழிக்கு அவள் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தபோது, பாலத்து முனையில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஊர் மொத்தமும் நின்றது. முன்னால் கலியபெருமாள். அவன்தான் துண்டை ஒரு விரலால் விலக்கிக் கத்தினான்:

"அத்தே! உள்ள வரலாமா?"

தனபாக்கியம் நிமிரவில்லை.

"மண்வெட்டி இருக்கிறவன் வா," என்றாள்.